மூன்று இரவுக் குடியரசு

பால்டிக் கடல் எங்களைப் பிடித்துவைத்தது
பிப்ரவரி ஒன்பதாம் தேதி மாலை.
தீவுக்கு இன்னும் நாலு மைல்.
எஞ்சின் இருமிற்று, பிறகு அதுவும் இல்லை.
எந்தப் பக்கம் பார்த்தாலும் உறைந்த வெள்ளை.

படகில் பதினொரு பேர்.
கேப்டன் ஊர்மாஸ் சொன்னார்:
"பனி உடைக்கும் கப்பல் வரும்.
எப்போது என்று கேட்காதீர்கள்.
அடுப்பு ஒன்று, ரொட்டி பதினேழு,
சர்க்கரை ஒரு டப்பா."

"அப்படியானால் ஒரு நாடு செய்வோம்" என்றான் தாவெத்,
டிராக்டர் உதிரிபாகம் விற்பவன்,
வாழ்நாளில் ஓட்டே போடாதவன்.
சிரித்தோம்.
மாவட்ட அலுவலகக் குமாஸ்தா என்பதால்
பேனா என் கைக்கு வந்து சேர்ந்தது.

சரக்கு ரசீதின் பின்பக்கம் எழுதினேன்:
இங்கே தலைவர் இல்லை.
ரொட்டி அறுப்பவருக்குக் கடைசித் துண்டு.
குறட்டை விடுபவருக்கும் வாக்குண்டு
(அது கேப்டனுக்காக).

சாவியில் வந்து சிக்கியது அரசியல்.
சரக்கறைக்கு ஒரே சாவி. யாரிடம் கொடுப்பது?
"ஆசையே இல்லாதவரிடம்" என்றாள் மைமு.
ஆகா என்றோம்.
அடுத்த கணம் அடுப்பைச் சுற்றி
அத்தனை பேரும் துறவிகள்.
எனக்கா, ஐயோ, வேண்டவே வேண்டாம்!
எல்லோரையும்விட உரக்க மறுத்தவன் நான்.
எனக்கே தந்தார்கள்.
கூச்சத்தில் அதைக் கண்மட்டத்தில்
ஓர் ஆணியில் மாட்டிவைத்தேன், எல்லோரும் பார்க்க.

அன்றிரவு நல்ல தூக்கம்.
இதைவிட நீதியான இடம்
பூமியில் இராது என்று எண்ணியபடி.

காலையில் சர்க்கரை டப்பா பாதி காலி.

எவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டது விசாரணை!
நேற்றுச் சிரித்த முகங்களில்
நீதிபதிகள் முளைத்திருந்தார்கள்.
"பனியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள் அந்த ஆளை"
என்றான் தாவெத்,
எந்த ஆள் என்று தெரியும் முன்பே.

கடைக்கோடிப் பெஞ்சில்,
கதவிடுக்குக் குளிர் நேராக வந்து விழும் இடத்தில்,
கம்பளிக்கு அடியிலிருந்து ஒரு கை உயர்ந்தது.
விர்வே. தீவின் தபால்காரி.
"எனக்குச் சர்க்கரை நோய். ராத்திரி இறங்கிவிட்டது.
வாக்கெடுப்புக்கு உங்களை எழுப்ப
நாக்கு எழவில்லை."

யாரும் பேசவில்லை.
படகின் விலாவில் பனி மட்டும்
பல்லைக் கடித்தது.

ரசீதைத் திருப்பிப் பார்த்தேன்.
சட்டம் எழுதியபோது
அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் பத்துப் பேர்.
பதினொருவர் ஒருமனதாக என்று எழுதியிருந்தேன்.

"அடுப்பை நகர்த்த முடியாதா?" தாவெத் கேட்டான்.
தரையோடு முடுக்கியது என்றார் கேப்டன்.
அவன் எழுந்துபோனான், விர்வேயை அடுப்பருகே அனுப்பினான்,
கதவோரம் உட்கார்ந்தான்.
கால்மணியில் திரும்பி வந்தபோது காது சிவந்திருந்தது.
"இனி யார் எதை முன்மொழிந்தாலும்
முதலில் அங்கே உட்கார்ந்துவிட்டு வரட்டும்."
அதையும் எழுதிக்கொண்டேன்.

அடுத்த இரண்டு நாளில்
இருபத்துமூன்று தீர்மானங்கள் கதவோரம் போயின.
நாலுதான் உயிரோடு திரும்பின.

நாலாம் நாள் நண்பகல்
ஆரஞ்சு நிறக் கப்பலொன்று
வெள்ளையைக் கிழித்துக்கொண்டு வந்தது.
கைதட்டினோம். ஐந்தே நிமிடத்தில்
நாடு காலி.
பைகள், பூட்ஸுகள், முந்திக்கொண்டு இறங்கும் தோள்கள்.
விர்வேயின் தபால் மூட்டையை
யார் தூக்கிக்கொடுத்தார்கள் என்று நான் பார்க்கவில்லை.

ரசீது படகோடு போயிற்று.
யாராவது அதில் மீன் மடித்திருப்பார்கள்.

போன வாரம் படகுக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம்:
சரக்கறைச் சாவியைக் காணவில்லையாம்.
எடுத்தவர் திருப்பித் தரவும்.

கோட்டுப் பைக்குள் ஒரு கையோடு
இரண்டு முறை வாசித்தேன்.
இரும்பு
இன்னும் சில்லென்றிருக்கிறது.